டீச்சருக்கு கிளாஸ் சாமான் வாங்கித் தர்றது: தாராவி, சயான் பக்கம் அடிக்கடி கேட்குற கேள்விகள்

மும்பைல தமிழ் மீடியம் முனிசிபாலிட்டி ஸ்கூல் டீச்சருங்களுக்கும், நம்ம சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) பக்கத்துல பால்வாடி (ஒண்ணாங்கிளாஸுக்கு முந்தின சின்னப் பிள்ளைங்க ஸ்கூல்) நடத்துற டீச்சருங்களுக்கும் கிளாஸுக்கு வேண்டிய சாமான் வாங்கிக் குடுக்குற வேலைய நாங்க கொஞ்சம் பேரு சேந்து பாத்துட்டு வர்றோம். ட்ரஸ்ட் கிடையாது, ஆபீஸ் கிடையாது, ஒரு வாட்ஸாப் குரூப்தான். இட்லி வியாபாரம் பண்றவங்க, டெய்லருங்க, பேங்க்ல வேலை பாக்குறவங்க, மளிகைக் கடை அண்ணாச்சி, ரயில்வேல ரிட்டயர் ஆன மாமா ஒருத்தர்னு எல்லாரும் இருக்காங்க. புதுசா வர்றவங்க கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான், அதனால இங்க எழுதி வச்சிருக்கேன்.

பி.எம்.சி-யே (மும்பை மாநகராட்சி) பிள்ளைங்களுக்கு எல்லாம் ஃப்ரீயா குடுக்குதே, அப்புறம் நாம எதுக்கு?

குடுக்குது, அத நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். யூனிஃபார்ம், ஷூ, ஸ்கூல் பை, நோட்டு, மழைக்கு வேண்டியதுன்னு 27 வகை சாமான்னு கணக்கு சொல்வாங்க, பாடப்புத்தகம் வருது, மத்தியானச் சாப்பாடு வருது. ஆனா இதெல்லாம் பிள்ளைக்கு வர்றது. பிள்ளை கையில நோட்டு இருக்கு சரி, டீச்சர் கையில என்ன இருக்குன்னு யாரும் பாக்குறதில்ல. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, பசை, செல்லோடேப், லேமினேஷன், ஜெராக்ஸ், போர்டு மார்க்கருக்கு இங்க், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எண்ண சொல்லிக் குடுக்க குச்சி, மணி, இதெல்லாம் யாரு பையிலருந்து வருதுன்னு கேட்டுப் பாருங்க, முக்காவாசி டீச்சரோட ஹேண்ட்பேக்லருந்துதான்.

அரசு நிதி இல்லைன்னும் சொல்ல முடியாது. சமக்ர சிக்ஷாங்கிற திட்டம் 2018-ல வந்துச்சு, அதுல நாடு முழுக்க அரசு ஸ்கூலுக்கு வருஷத்துக்கு ஒரு தொகைன்னு விதி இருக்கு, 101-லருந்து 250 பிள்ளைங்க வரைக்கும் இருக்குற ஸ்கூலுக்கு 50,000 ரூபா. 200 பிள்ளைங்க இருக்குன்னா ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 250 ரூபா, அதுக்குள்ளயே ரிப்பேர், சுத்தம், கரண்டுன்னு எல்லாம் போகணும். முன்னாடி சர்வ சிக்ஷா அபியான் இருந்தப்ப ஒவ்வொரு டீச்சருக்கும் தனியா வருஷம் 500 ரூபா, பாடம் நடத்துற சாமான் செய்யன்னே குடுத்தாங்க. சின்னத் தொகைதான், ஆனா அது டீச்சர் கையில நேரா வந்துச்சு, அந்த வித்தியாசம் பெருசு.

டீச்சருக்குத்தான் நல்ல சம்பளம் வருதே?

பெர்மனென்ட் டீச்சருக்கு வருது, சந்தோஷம், வரணும். அதுக்காக போலீஸ்காரர் ஸ்டேஷனுக்கு பேப்பர் வாங்கணும்னு நாம சொல்றதில்லையே. கான்ட்ராக்ட்ல இருக்குற டீச்சர், பால்வாடி டீச்சர், அங்கன்வாடி அக்காங்க நெலமை வேற. அங்கன்வாடி அக்காவுக்கு சம்பளம்னே பேரு கிடையாது, மதிப்பூதியம்தான், அதுல மத்திய அரசு கணக்கு 2018-லருந்து 4,500 ரூபா, மேல மாநிலம் கொஞ்சம் சேக்குது. அந்தப் பணத்துல ரெண்டு பாக்கெட் கிரேயான் வாங்கிட்டு வர்ற அக்காவ நீங்க பாத்தீங்கன்னா இந்தக் கேள்விய மறுபடி கேக்க மாட்டீங்க.

சரி, என்ன வாங்கித் தரணும்?

டீச்சர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. இந்தப் பக்கத்துல நான் எழுதுறதுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்னா அது இதுதான். நல்ல மனசோட 100 ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டு போய் எறக்குவாங்க, அங்க இருக்குறது ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க. இல்லன்னா பி.எம்.சி குடுத்த பையே புதுசா இருக்கும்போது இன்னொரு பை. அந்த டீச்சருக்கு அன்னைக்கு வேண்டியிருந்தது ஒரு பூட்டு போடுற அலமாரியும் கயிறும் கொக்கியும்.

அலமாரி ஏன்னு கேக்காதவங்களே இல்ல, அதனால சொல்லிடுறேன். இங்க பல முனிசிபாலிட்டி கட்டிடத்துல ஷிஃப்ட் முறை, காலைல ஒரு மீடியம், மத்தியானம் வேற மீடியம், அதே ரூம் அதே பெஞ்ச். பி.எம்.சி மராத்தி, ஹிந்தி, உருது, குஜராத்தி, இங்கிலீஷ், தமிழ், தெலுங்கு, கன்னடம்னு எட்டு மொழில ஸ்கூல் நடத்துது. அப்போ செவுத்துல தமிழ் சார்ட் ஒட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போக முடியாது, அடுத்த ஷிஃப்ட் டீச்சருக்கும் செவுரு வேணும். அதனால சுருட்டி மாட்டுற மாதிரி சார்ட், மேல கீழ ரெண்டு பக்கமும் குச்சி வச்சது, கயிறு கட்டுனது, அதுதான் வேணும், கிளாஸ் முடிஞ்சதும் சுருட்டி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிடலாம். இத டீச்சர் சொல்லாம நமக்கு எப்படித் தெரியும்?

வழக்கமா கேக்குற சாமான்னு பாத்தா சார்ட் பேப்பர், ஏ4 பண்டல், ஃபெவிகால், முனை மழுங்கின கத்திரிக்கோல், கலர் பேப்பர், சாக்பீஸ், டஸ்டர். பெரிய கிளாஸ் எடுக்குறவங்க போர்டுல போடுற பெரிய காம்பஸும் கோணமானியும் கேப்பாங்க, மராட்டிய மேப்பும் இந்தியா மேப்பும் கேப்பாங்க. சின்ன கிளாஸ்னா ஐஸ்கிரீம் குச்சி, பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒண்ணு, பத்து, நூறு சொல்லிக் குடுக்க அதவிட நல்ல சாமான் இல்ல. அப்புறம் டீச்சருங்க வாய்விட்டுக் கேக்காத சாமான் சிலது இருக்கு. ஏழு எட்டாங்கிளாஸ் பொம்பளப் பிள்ளைங்களுக்கு அவசரத்துக்கு சானிட்டரி பேட், மாத்து உள்ளாடை, சீப்பு, நகவெட்டி, காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்து மயங்குற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். இதுங்களத்தான் டீச்சர் கைக்காசு போட்டு அதிகமா வாங்குறாங்க. நாம எடுத்துக் கேட்டா சொல்லுவாங்க.

தமிழ் சார்ட், தமிழ் கதைப்புத்தகம் மும்பைல எங்க கிடைக்கும்?

இதுதான் பெரிய கஷ்டம். ஸ்டேஷனரி ஹோல்சேல்னா கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் ஸ்ட்ரீட், சி.எஸ்.எம்.டி ஸ்டேஷன்லயோ மஸ்ஜித் ஸ்டேஷன்லயோ எறங்கி நடந்தே போயிடலாம், டஜன் கணக்குல எடுத்தா நம்ம ஏரியா கடைய விட நல்லா குறையும். ஆனா அங்க மராத்தி மூலாட்சரம், ஹிந்தி வர்ணமாலா, இங்கிலீஷ் ஏ பி சி டி சார்ட்தான் மலையா இருக்கும். நம்ம பிள்ளைங்களுக்கு அதுவும் வேணும், மராத்தி எல்லா ஸ்கூல்லயும் கட்டாயம்னு 2020-ல சட்டமே வந்தாச்சு, ஒரு பிள்ளை தமிழ், மராத்தி, இங்கிலீஷ், ஹிந்தின்னு நாலு பாக்குது. உயிர் எழுத்து, உயிர்மெய் சார்ட்டு மட்டும் ஊர்லருந்துதான் வரணும்.

அதனால நாங்க பண்றது என்னன்னா, லீவுக்கு ஊருக்குப் போறவங்கள முன்னாடியே புடிச்சிடுவோம். மே மாசம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்லயோ தாதர் திருநெல்வேலி வண்டிலயோ போறவங்க திரும்பி வரும்போது ஒரு சார்ட் ரோல், நாலு கதைப்புத்தகம் கொண்டு வரணும், அவ்வளவுதான் கேக்குறோம். சென்னை வழியா வர்றவங்கன்னா பாரிஸ் ஆண்டர்சன் ஸ்ட்ரீட்ல ஒரு எட்டு போயிட்டு வரச் சொல்வோம். கருவாடும் மாவடுவும் கொண்டு வர்ற பையிலயே இதுவும் வந்துடும், சார்ட்ட மட்டும் பிளாஸ்டிக் பைப்புக்குள்ள போட்டுக் கொண்டு வாங்க, மடிச்சா விழுந்த மடிப்பு போகவே போகாது.

புத்தகத்துக்கு இன்னொரு வழி இருக்கு, இது நெறைய பேருக்குத் தெரியல. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்க் கதைங்க படத்தோட இருக்கு, ஃப்ரீ, டவுன்லோட் பண்ணி பிரின்ட் போட்டுக்கலாம், லைசென்ஸே அப்படித்தான். வாசிப்பு லெவல் பிரிச்சு வச்சிருக்காங்க, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி இருக்குற கதையும் உண்டு. நேஷனல் புக் ட்ரஸ்ட்டோட தமிழ்ப் புத்தகங்களும் விலை கம்மி. தமிழ்நாடு அரசு 2022-ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்து பயிற்சித் தாளுங்களையும் சில டீச்சருங்க பாத்து யோசனை எடுத்துக்குவாங்க, ஆனா இங்க பாடத்திட்டம் மகாராஷ்டிராவோடது, அதனால அப்படியே எடுத்து நடத்த முடியாது. டீச்சர் எந்தக் கதைன்னு சொல்லட்டும், நீங்க கலர் பிரின்ட் போட்டு லேமினேட் பண்ணிக் குடுங்க.

என்கிட்ட காசு இல்ல, வேற எப்படி உதவலாம்?

இந்தக் கேள்விய கேக்குறவங்கதான் எங்களுக்கு அதிகமா உதவியிருக்காங்க. தாராவில இல்லாத தொழில் என்ன இருக்கு சொல்லுங்க. டெய்லரிங் யூனிட்ல விழுற துணி வெட்டு, கலர் கலரா இருக்கும், அதுல எழுத்து வெட்டி ஒரு துணிப் போர்டுல ஒட்டி எடுக்குற மாதிரி செஞ்சா பால்வாடிக்கு அதுவே ஒரு வருஷத்துக்கு ஓடும். தேர்ட்டீன் காம்பவுண்ட்ல பிளாஸ்டிக் பிரிக்கிற இடத்துல பாட்டில் மூடிங்க கலர்வாரியா கிடைக்கும், நல்லா சோப்பு போட்டுக் கழுவிக் காய வச்சு மேல மார்க்கர்ல எழுத்து எழுதுனா வார்த்தை கோக்குற விளையாட்டு ரெடி. பானை செய்யுறவங்க இருக்குற கும்பார்வாடால மண்ணு கேட்டா தருவாங்க, பிள்ளைங்க எழுத்து உருட்டும், பொம்மை செய்யும். வெல்டிங் பட்டறைக்காரர் சார்ட் மாட்ட ஸ்டாண்டு செஞ்சு குடுப்பார், பிரின்டிங் பிரஸ்ல வெட்டிப் போடுற அட்டைத் துண்டு ஃப்ளாஷ் கார்டுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கும். வீட்டுல புளியங்கொட்டை இருந்தா தூக்கிப் போடாதீங்க, கழுவி டப்பால போட்டு வைங்க, கணக்கு கிளாஸுக்கு ஆகும். மணி மாதிரி சின்ன சாமான் அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்களுக்கு வேண்டாம், வாயில போட்டுக்கும்.

கையெழுத்து நல்லா இருக்கா? சார்ட் எழுதிக் குடுங்க. நேரம் இருக்கா? சனிக்கிழமை உக்காந்து லேமினேட் பண்ணுனதெல்லாம் வெட்டிக் குடுங்க, டீச்சருக்கு ஒரு ராத்திரி தூக்கம் மிச்சம்.

பழைய புத்தகம், பழைய நோட்டு?

பாதி எழுதுன நோட்டுல மிச்சப் பக்கத்தக் கிழிச்சு, தச்சுக் குடுத்தா ரஃப் நோட்டுக்கு ஆகும். கிழிஞ்ச கைடு, அஞ்சு வருஷத்துக்கு முந்தின பாடப்புத்தகம், தீர்ந்துபோன ஸ்கெட்ச் பேனா வேண்டாம். உங்க பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன்னு நினைக்கிறத எந்தப் பிள்ளைக்கும் குடுக்காதீங்க.

நேரா ஸ்கூலுக்குக் கொண்டு போய் குடுத்துடலாமா?

பால்வாடின்னா பெரும்பாலும் பிரச்சனை இல்ல, டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. முனிசிபாலிட்டி ஸ்கூல்னா ஹெட்மாஸ்டர பாக்காம டீச்சர் கையில நேரா குடுக்காதீங்க, பின்னாடி கேள்வி வந்தா அந்த டீச்சர்தான் பதில் சொல்லணும். ஒரு பேப்பர்ல என்ன சாமான், எத்தன, யாரு குடுக்குறாங்கன்னு எழுதி ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல கையெழுத்து வாங்கிக்கோங்க. அலமாரி, ஃபேன், ஸ்டாண்டு மாதிரி நின்னு நிலைக்கிற சாமான் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல (ஸ்கூலோட நிலையான சாமான் கணக்குப் புத்தகம்) ஏறணும், அதுக்கப்புறம் அது ஸ்கூல் சொத்து, டீச்சர் மாறிப் போனாலும் கூடப் போகாது. சாக்பீஸ், பேப்பர் மாதிரி தீர்ந்து போறது வேற கணக்கு. பெரிய சாமான்னா வார்டு கல்வி ஆபீஸ்ல அனுமதி வேணுமான்னு ஹெட்மாஸ்டரையே கேட்டுக்குங்க.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசு ஸ்கூல்லயும் மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல முக்கால் பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பேர் பொம்பளைங்க. அந்தக் கமிட்டில நம்ம ஏரியா அம்மா யாராவது கண்டிப்பா இருப்பாங்க, அவங்க வழியா போனா ஸ்கூலுக்கு என்ன குறைங்கிறது இன்னும் தெளிவா தெரியும். அதே சட்டத்தோட அட்டவணைல ஒவ்வொரு கிளாஸுக்கும் கற்பித்தல் சாமான் வேணும், லைப்ரரி வேணும், விளையாட்டுச் சாமான் வேணும்னும் இருக்கு. நாம குடுக்குறோம்ங்கிறதுக்காக அத அரசுகிட்ட கேக்காம விட்டுடக்கூடாது, ரெண்டும் சேந்தே நடக்கணும்னுதான் நான் நினைக்கிறேன். கமிட்டில இருக்குற பெத்தவங்கள நாங்க அதுக்குத் தூண்டிவிட்டுக்கிட்டே இருக்கோம்.

பணமா அனுப்பலாமா? நன்கொடைக்கு வருமான வரில 80ஜி விலக்கு கிடைக்குமா?

எங்ககிட்ட கிடைக்காது, நாங்க பதிவு பண்ணுன அமைப்பு இல்ல. வரிவிலக்கு வேணும்னா 80ஜி பதிவு இருக்குற ட்ரஸ்ட்டுக்குக் குடுங்க, அங்கயும் பணமா குடுத்தாத்தான் விலக்கு, சாமானா குடுத்தா இல்ல, ரொக்கம்னா 2,000 ரூபாக்கு மேல கணக்குல வராது. புது வரி முறைல இருக்குறவங்களுக்கு 80ஜி-யே கிடையாது.

எங்ககிட்ட பணம் குடுக்குறவங்க பெரும்பாலும் கடைக்காரருக்கு நேரா ஜிபே பண்ணிடுவாங்க. நாங்க லிஸ்ட் போடுவோம், கடைக்காரர் பில் போடுவார், நீங்க அதுல ஒரு வரிய எடுத்துக்கிட்டு அதுக்குக் காசு கட்டுவீங்க, பில் போட்டோ குரூப்ல வரும், ஸ்கூல் கையெழுத்து போட்ட காப்பியும் வரும். யாரு கையிலயும் பணம் தங்காது.

துபாய், சிங்கப்பூர் சொந்தக்காரங்க அனுப்பலாமான்னு கேப்பாங்க. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்குறவங்க சொந்தச் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைன்னு சட்டம் பாக்குறதில்ல. குடியுரிமை மாத்திட்டவங்க, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்குறது) வச்சிருக்கிறவங்க அனுப்புறது அந்தக் கணக்குல வந்துடும், அதுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்கிற அமைப்பு வேணும், எங்களால வாங்க முடியாது. அவங்க ஊருக்கு வர்றப்ப தமிழ்க் கதைப்புத்தகம் வாங்கிட்டு வரட்டும்.

எந்த மாசம் குடுத்தா நல்லது?

ஸ்கூல் தொறக்குறது ஜூன் நடுவுல, அதாவது மழையும் ஸ்கூலும் சேந்தே வருது. ஜூன்ல எல்லாரும் குடுப்பாங்க, சார்ட் பேப்பர் ஈரத்துல ஊறி அலை அலையா வளைஞ்சுடும், சாக்பீஸ் நமுத்துப் போய் போர்டுல எழுதாது, அதனால ஜூன்ல குடுக்குற எல்லாத்தையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவோட குடுங்க, டப்பாவே நல்ல அன்பளிப்பு. நிஜமா கை காலியாகுறது தீபாவளி லீவு முடிஞ்ச பிறகுதான், நவம்பர் டிசம்பர்ல. அப்ப யாருக்கும் ஸ்கூல் ஞாபகம் வராது. போனஸ் வந்த கையோட கொஞ்சம் எடுத்து வைங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். 2025 செப்டம்பர் 22-லருந்து நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான், மேப், சார்ட், குளோபுக்கெல்லாம் ஜிஎஸ்டி இல்ல, முன்னாடி இதுல பலதுக்கு 12 சதவீதம் இருந்துச்சு, அதனால பில்லுல வரி போட்டிருந்தா கேளுங்க.

200 ரூபாதான் முடியும், பரவாயில்லயா?

தாராளமா. ஒரு கிளாஸுக்கு ஒரு மாச சாக்பீஸ்.

இப்படி ஊரே சேந்து ஸ்கூலுக்குக் குடுக்குறதெல்லாம் புதுப் பழக்கமா?

இல்லவே இல்ல, நம்ம தாத்தா பாட்டிங்க செஞ்சதுதான். காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப, கல்வி இயக்குநரா இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்ன நின்னு பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்துனாங்க. 1958-ல அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்துல கடம்பத்தூர்ல ஆரம்பிச்சது. ஸ்கூலுக்கு என்ன குறையுதுன்னு முதல்ல பட்டியல் போடுவாங்க, அத ஊருக்கு முன்னாடி வைப்பாங்க, அவங்கவங்க தன்னால முடிஞ்சத ஏத்துக்குவாங்க. பெஞ்ச், மேப், கடிகாரம், சிலேட்டு, சீருடைன்னு வந்து குவிஞ்சுது. நாங்க வாட்ஸாப்ல லிஸ்ட் போடுறது அந்த வழிதான். தமிழ்நாட்டுல இப்ப 2022 டிசம்பர்லருந்து நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளின்னு ஒரு திட்டம் ஓடுது. மத்திய அரசோட வித்யாஞ்சலி போர்ட்டல்லயும் ஸ்கூல் தன்னோட தேவைய போடலாம், நாம எடுத்துக்கலாம், ஆனா நம்ம பக்கத்து ஸ்கூல்ல நேர்ல போய் உக்காந்து பேசுற அளவுக்கு அது வேலை செய்யும்னு எனக்குத் தோணல.

குடுக்கும்போது போட்டோ எடுத்துப் போடலாமா?

சாமான எடுங்க, பில்ல எடுங்க, மாட்டுன சார்ட்ட எடுங்க. பிள்ளைங்க முகம் வேண்டாம். வரிசைல நிக்க வச்சு ஒரு பென்சில நீட்டி எல்லாரும் கேமராவப் பாக்குற போட்டோ எங்க குரூப்ல வராது, அந்தப் பிள்ளை பத்து வருஷம் கழிச்சு அதப் பாத்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. சாமான் மேல பேரு எழுதுறதும் வேண்டாம். டீச்சர் கையாலயே குடுக்கட்டும், பிள்ளைங்களுக்கு அது டீச்சர் குடுத்ததாவே இருக்கட்டும்.

தமிழ் மீடியத்துல பிள்ளைங்களே குறைஞ்சுட்டு வருதே, இன்னும் எத்தன வருஷத்துக்கு?

குறையுது, கண்ணுக்குத் தெரியுது. கொஞ்சம் காசு சேந்தா இங்கிலீஷ் மீடியம்னு போறாங்க, அவங்கள நான் தப்பு சொல்லல. ஆனா இன்னைக்கு அந்த பெஞ்ச்ல உக்காந்திருக்குற பிள்ளைக்கு இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ் ஒரு தடவதான் வரும். ஊர்லருந்து வேலைக்கு வந்து ஒரு மாசமே ஆன குடும்பத்துப் பிள்ளை, ஹிந்தியும் தெரியாது மராத்தியும் தெரியாது, அது போய் உக்காந்து புரிஞ்சு படிக்க இந்த ஊர்ல அந்த ஒரு கிளாஸ்தான் இருக்கு. கடைசி பிள்ளை இருக்குற வரைக்கும் நாங்க சார்ட் கொண்டு போவோம்.

எங்க ஏரியா டீச்சர்கிட்ட கேட்டா ஒண்ணும் வேண்டாம்னு சொல்றாங்களே?

எல்லா டீச்சரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க, கூச்சம், அப்புறம் யாரு என்ன நினைப்பாங்களோன்னு பயம். என்ன வேணும்னு கேக்காதீங்க. போன மாசம் கைக்காசு போட்டு கிளாஸுக்கு என்ன வாங்குனீங்க டீச்சர்னு கேளுங்க, அதுக்கு பதில் உடனே வரும், அதுதான் உங்க லிஸ்ட். அத ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டிட்டு குரூப்ல போடுங்க, ஒரு வரிக்கு ஒரு ஆள்னு எடுத்துக்குவாங்க. அடுத்த மாசம் மறுபடி போய் சாமான் உபயோகமா இருந்துச்சான்னும் கேட்டுட்டு வாங்க.